கோப்பிப் பையில் வடித்த ஒயின்

ஜெலுத்தோங், பினாங்கு
12 நவம்பர் 2024

கோகிலனுக்கு,

அன்புள்ள என்று போடவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் அப்பாவை எடுத்த அன்று, இனி உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொன்னேன். அது சொன்னதுதான். வாயால் பேசுவதில்லை என்றுதான் மாரியம்மன் மேல் சத்தியம் வைத்தேன். கையால் எழுதுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்ற எழுத்து, பொறுத்துக்கொண்டு படி.

விஷயம் ஒன்றுமில்லை. அலமாரியில் கரையான் ஏறிவிட்டது. உன்னுடைய சாமான் கிடக்கிறது. நீ ஹோட்டல் வேலைக்குப் போட்டுப் போன கறுப்புச் சப்பாத்து, பூப்பந்து மட்டை, ஒரு பெட்டி. வேண்டுமா, வீசவா? பதில் எழுது.

பக்கத்து வீட்டு ரோஹானா, மகன் வீட்டோடு இருக்க அக்கரையில் பிறைக்குப் போய்விட்டாள். முன்பெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் மிக்சி ஓடுகிற சத்தத்திலேயே இன்றைக்கு அவள் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லுவேன். இப்போது பல்கலைக்கழகப் பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். கதவைச் சாத்தினால் சாத்தினதுதான்.

நீ அங்கே சாராயக் கிடங்கில் வேலை பார்க்கிறாயாம். உன் கூட்டாளி குகனின் அம்மாவைப் பசாரில் பார்த்தேன். "ஒங்க மவன் பிரான்சுல பெரிய ஆளாம்லா, ஒயின் கலக்குறானாம்" என்றாள். "அதுக்கு எதுக்குப் பிரான்சு? அவங்கப்பா இங்க இருந்தே கலக்குனாரு" என்றேன். மீனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் எதையும் மறக்கவில்லை என்பதற்காக எழுதுகிறேன். அன்று மழை. உன் அப்பாவை நடு வீட்டில் கிடத்தியிருந்தோம். என் தங்கச்சி வீட்டார், உன் அத்தை, பிளாட்டுக்காரர்கள், எல்லோரும் இருந்தார்கள். நீ கீழே போய், அந்தக் கெப்பாலா பத்தாஸ் ஊர்க்காரிக்கும் உன் அப்பாவுக்கும் பிறந்தவளைக் கையைப் பிடித்து மேலே கூட்டி வந்தாய். மஞ்சள் பூப்போட்ட பாஜு கூரோங் உடுப்பு, ஓரமெல்லாம் நனைந்திருந்தது. "வா குமுதா, அப்பாவுக்கு வாய்க்கரிசி போடு" என்றாய். அத்தனை பேர் முன்னால். உன் அப்பா பிறையில் கிரேன் ஓட்டிய காலமெல்லாம் ஓவர்டைம் ஓவர்டைம் என்று சொல்லி யார் வீட்டுக்குப் போனார் என்பதை நான் வாய் திறக்காமல் மூடி வைத்திருந்தேன். நீ ஒரு பிடி அரிசியில் திறந்து காட்டினாய்.

சப்பாத்தைப் பற்றி எழுது.

புஷ்பவள்ளி


மெடோக், பிரான்ஸ்
1 டிசம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் அன்புள்ள என்று போடுகிறேன். உங்கள் எழுத்தைப் பார்த்ததும் தபால்காரர் எதிரிலேயே உறையைக் கிழித்துவிட்டேன்.

சப்பாத்தை வீச வேண்டாம். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

சாராயக் கிடங்கு இல்லை, அம்மா. திராட்சைத் தோட்டம். இங்கே ஒரு பெரிய ஆறு கடலில் சேருகிறது. அது பல காலமாக அடித்துக்கொண்டு வந்து போட்ட கூழாங்கல்தான் தரை. பார்த்தால் புல்கூட முளைக்காது போலிருக்கும். ஆனால் அந்தக் கல் பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி கொடிக்குக் கொடுக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் களிமண். அங்கே வேறு ஜாதித் திராட்சை.

கல்லில் வளர்வது கபர்நே. தோல் தடித்த சின்னப் பழம். அதை மட்டும் ஒயினாக்கி இளசிலேயே குடித்தால், சுண்ணாம்பு இல்லாமல் வெறும் பாக்கை மென்ற மாதிரி வாயைப் பிடிக்கும். ஆனால் பல வருஷம் தாங்கும். களிமண்ணில் வளர்வது மெர்லோ. சதைப்பற்று, இனிமை, யாரோடும் ஒத்துப்போகும். தனியாக விட்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும். இன்னொன்று பெத்தி வெர்டோ. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பழுக்கும், சில வருஷம் பழுக்காமலே நிற்கும். மை மாதிரிக் கறுப்பு, நல்ல புளிப்பு. தனியாகக் குடிக்க முடியாது. ஒரு துளி சேர்த்தால் மற்ற இரண்டும் நிமிர்ந்து உட்காரும். ஒவ்வொன்றையும் தனித்தனித் தொட்டியில் நொதிக்க வைத்து, பனிக்காலத்தில் உட்கார்ந்து, எது எவ்வளவு என்று சேர்ப்போம். அதுதான் என் வேலை.

இப்போது இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது. வரிசை வரிசையாகக் கறுப்புக் குச்சிகள், மேலே மூடுபனி. காமினிக்கு எட்டு வயது. அவளும் அவள் அம்மாவும் பிரெஞ்சில் வேகமாகப் பேசிச் சிரிப்பார்கள். எனக்குப் புரியும், ஆனால் சிரிப்பு ஒரு வினாடி தள்ளித்தான் வரும். அதற்குள் அவர்கள் அடுத்ததற்குப் போயிருப்பார்கள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவேன்.

"பாட்டி ஏன் போன்ல வர மாட்டாங்க?" என்று காமினி கேட்கிறாள். தமிழில்தான் கேட்கிறாள், அந்த ஒரு கேள்வியை நன்றாகவே கேட்கிறாள்.

உங்கள்
கோகிலன்


ஜெலுத்தோங்
20 டிசம்பர் 2024

கோகிலனுக்கு,

சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டு மேல் தட்டில் வைத்தேன். கரையான் ஏறாமல் இருக்கத்தான். வேறு காரணம் இல்லை.

நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். இதற்கு இவ்வளவு பாடா? உன் அப்பா ஸ்டவுட் பீரை, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து நின்றபடி குடிப்பார். எந்தத் தோட்டம், எந்த மண் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மாசியில் அவருக்குத் திதி வருகிறது. ஆறாவது வருஷம். ஊரில் எல்லோர் வீட்டிலும் செத்தவருக்குப் பிடித்ததை வைத்துப் படைக்கிறார்கள். ஸ்டவுட் வைக்கிறார்கள், சிகரெட்டைப் பற்றவைத்தே வைக்கிறார்கள். நான் வைப்பது கோப்பி. போன வருஷம் உன் அத்தை வந்து, "அண்ணி, எங்க அண்ணன் கனவுல வந்து தொண்ட காயுதுங்கறாரு" என்றாள். "காயட்டும்" என்றேன். அதோடு அவளும் வருவதில்லை.

ஆனால் ஒன்று மனசில் அரிக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். படையல் இலையைப் பெற்ற பிள்ளைதான் போட வேண்டும். அதுதான் நம் வீட்டு முறை. நீ போனதிலிருந்து நானேதான் போடுகிறேன். போட்டு, சோறு வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து நிற்பேன், அவர் வந்து சாப்பிடட்டும் என்று. பிறகு கதவைத் தட்டி உள்ளே போவேன். பெண்டாட்டி போட்ட இலைக்கு அவர் வந்தாரா இல்லையா, யாருக்குத் தெரியும்? உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பேன். பிறையிலிருந்து பெரிக் கப்பல் வரும். அவர் அதில் இருக்க மாட்டார்.

பிள்ளை கையால் ஒரு தரமாவது இலை விழாமல் நான் போய்விட்டால், அங்கே போய் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? சண்டை போடுவதற்கும் ஒரு நியாயம் வேண்டும் இல்லையா?

நீ வருவாயா என்று கேட்கவில்லை. எழுதினேன், அவ்வளவுதான்.

அந்தக் கடைசியில் பழுக்கிற பழம் பழுக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? வீசிவிடுவீர்களா?

புஷ்பவள்ளி


மெடோக்
12 ஜனவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வீச மாட்டோம். காத்திருப்போம். மழைக்குப் பயந்துகொண்டே காத்திருப்போம்.

மாசியில் என்னால் வர முடியாது, அம்மா. கலக்கும் காலம் இதுதான். காலையிலிருந்து ஒவ்வொரு தொட்டியாக வாயில் வைத்து, துப்பி, எழுதி, மறுபடி வாயில் வைத்து. விழுங்குவதே இல்லை, நம்புங்கள்.

ஒரு கதை எழுதுகிறேன். இந்த ஊர்க் கிழவர்கள் காலங்காலமாகக் கபர்நேயையும் மெர்லோவையும் ஒன்றாகச் சேர்த்து வந்திருக்கிறார்கள். இரண்டும் ஏன் இப்படிப் பொருந்துகிறது என்று யாருக்கும் தெரியாது. இந்தக் காலத்தில்தான் இலையை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் தகப்பன் ஒன்று. கபர்நே ஃப்ராங்க் என்கிற பழைய கொடி. தாய்தான் வேறு வேறு. கபர்நேயின் தாய் பெயர் பெற்ற வெள்ளைத் திராட்சை, எல்லோருக்கும் தெரியும். மெர்லோவின் தாயைத் தேடிக் கண்டுபிடிக்க ரொம்ப நாளாயிற்று. யாரும் வளர்க்காமல் விட்டுவிட்ட கொடி. எங்கோ சில கிராமத்து வீடுகளின் வாசலில் தானாகப் படர்ந்து கிடந்ததாம். அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. பிறகுதான் வைத்தார்கள்.

தகப்பன் ஒன்று, தாய் இரண்டு. ஒரே பாட்டிலில்.

அப்பாவுக்குப் படைக்க ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். 2019-ஆம் வருஷத்து அறுவடை, அப்பா போன வருஷம். நான் முதன்முதலாகக் கலந்து பார்க்க உட்கார்ந்தது அதற்குத்தான். குகன் கம்பெனிப் பயணமாக இந்தப் பக்கம் வந்திருந்தான், அவனிடம் கொடுத்துவிட்டேன். ஒருவர் கொண்டுவந்து தருவார்.

உங்கள்
கோகிலன்


ஜெலுத்தோங்
2 பிப்ரவரி 2025

கோகிலனுக்கு,

ஒருவர் கொண்டுவந்து தருவாராம்! யார் அந்த ஒருவர் என்று எழுதக் கை வரவில்லையா?

மத்தியானம் கேட்டில் சத்தம் கேட்டது. லிப்ட் வேலை செய்யவில்லை. ஒன்பது மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள், குழந்தையைப் பிடிப்பது போல.

"யாரு?" என்றேன். யாரென்று தெரியும். கேட்டேன்.

"குமுதா, பெரியம்மா."

"என்ன வேணும்?"

"அண்ணன் அனுப்புனது. அப்பா திதிக்கு." கம்பி இடுக்கில் பாட்டிலை நீட்டினாள். வாங்கினேன். கேட்டைத் திறக்கவில்லை.

"இத படுக்க வெக்கணுமாம் பெரியம்மா, நிக்க வெக்கக் கூடாதாம்."

"தெரியும்" என்றேன். எனக்கென்ன தெரியும்? மேலே பேச்சை வளர்க்காமல் போகட்டும் என்று சொன்னேன். போய்விட்டாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. படி இறங்குகிற சத்தம் கடைசி வரைக்கும் கேட்டது. இந்தப் பிளாட்டில் இப்போது வேறு சத்தம் இல்லை, அதனால் கேட்டது.

பாட்டிலைத் துடைப்பத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறேன்.

நீ திராட்சையைப் பற்றி எழுதவில்லை. நான் நாலாம் வகுப்புதான், ஆனால் உன்னைப் பெற்றவள். தகப்பன் ஒன்று, தாய் இரண்டு என்று யாருக்குக் கதை சொல்கிறாய்? வாசலில் பேர் இல்லாமல் படர்ந்த கொடி என்று யாரைச் சொல்கிறாய்? அவளுக்குப் பேர் இல்லாமல் போகவில்லை. நான்தான் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பேர் என் வீட்டுக்குள் வந்துவிடும். அப்புறம் எங்கே துரத்துவது?

இவ்வளவு எழுதினவன் இன்னொன்றையும் எழுதியிருக்கலாம். கடைசியில் பழுக்கிற, தனியாக யாரும் வாயில் வைக்க முடியாத கறுப்புப் பழம் யார்? நான்தானே? ஏன் விட்டுவிட்டாய், பயமா?

அவளுக்கு உன் அப்பா மூக்கு. மூச்சு வாங்கும்போது அப்படியே அவர்தான்.

இனிமேல் எழுதாதே.

புஷ்பவள்ளி


மெடோக்
15 பிப்ரவரி 2025

அம்மா,

எழுதாதே என்றீர்கள். இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

அன்று அவள் மேலே வர மாட்டேன் என்றுதான் சொன்னாள். கீழே, சவ லோரிக்குப் பக்கத்தில், மழையில் நின்றிருந்தாள். "தூக்கிட்டு எறங்கும்போது பாத்துட்டுப் போயிடுறேண்ணே, பெரியம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். இன்றைக்கு நடந்தாலும் இழுப்பேன். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், அம்மா. உங்கள் மகன்தானே, எனக்கும் அந்தப் பிடிவாதம் கொஞ்சம் வந்திருக்கும்.

அவள் அம்மா போன செப்டம்பரில் இறந்துவிட்டார். குமுதா எனக்கே பிறகுதான் சொன்னாள். கெப்பாலா பத்தாஸில் நில அலுவலகத்தில் வேலை, சாயங்காலம் அந்த வீட்டுக்குத் திரும்பி விளக்கைப் போடுகிறாள். அங்கேயும் வேறு சத்தம் இல்லையாம்.

பிள்ளை கை வேண்டும் என்று எழுதியது நீங்கள்தான். என் கை இங்கே இருக்கிறது, மெர்லோக் கறையோடு. இன்னொரு கை உங்கள் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுப் போயிருக்கிறது.

பாட்டிலை வைக்கப் பிடிக்காவிட்டால் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிடுங்கள். ஆனால் அதுவரைக்கும் தயவுசெய்து படுக்க வையுங்கள். கார்க் காய்ந்தால் காற்றுப் புகுந்துவிடும்.

கோகிலன்


ஜெலுத்தோங், பினாங்கு
10 மார்ச் 2025

தம்பி கோகிலனுக்கு,

பாட்டிலைப் படுக்க வைத்தேன். என் கட்டிலுக்கு அடியில், மேல் தட்டிலிருந்து இறக்கி வைத்த உன் சப்பாத்துக்குப் பக்கத்தில். அங்கேதான் வெயில் வராது.

சனிக்கிழமை திதி முடிந்தது. எப்படி முடிந்தது என்று நீ கேட்பாய் என்று முழுவதும் எழுதுகிறேன். குமுதாவும் உன்னிடம் சொல்லியிருப்பாள், ஆனால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

இரண்டு நாளைக்கு முன்னால் குகன் அம்மாவிடம் நம்பர் வாங்கிப் போன் போட்டேன். யாரோடு பேச மாட்டேன் என்று சத்தியம் வைத்தேனோ அவன் நீ, அவள் இல்லை. அதனால் பேசலாம். "இந்தப் பாட்டிலத் தெறக்குறது எப்படின்னு கேக்கத்தான் போன் பண்ணேன்" என்றேன்.

"நான் வந்து தெறக்குறேன் பெரியம்மா."

"ஒன்ன வரச் சொல்லல."

"சரி பெரியம்மா. காலையில வரவா, மத்தியானமா?"

இவள் உன் அப்பாவைப் போலவும் இல்லை. அவர் இப்படிச் சமாளிக்க மாட்டார், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

காலையிலேயே வந்தாள். வாழையிலை, பூ, தொடை எலும்போடு ஆட்டிறைச்சி. கேட்டைத் திறந்தேன். பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்தால் திருதிருவென்று முழிக்கிறாள். திறக்கிற திருகு ஒன்று வேண்டுமாம், அவளிடமும் இல்லை. "அப்ப என்னத்துக்குத் தெறக்குறேன்னு சொன்ன?" என்றேன். "வர்றதுக்குத்தான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியில் மத்தின் காம்பை வைத்து இருவருமாகச் சேர்ந்து கார்க்கை உள்ளே குத்தித் தள்ளினோம். தெறித்தது. அவள் வெள்ளைச் சட்டை முழுக்கப் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. கார்க் துண்டு துண்டாக மிதந்தது. கோப்பி வடிக்கிற துணிப் பையை எடுத்து, அதில் ஊற்றி வடித்தேன். உன் முதலாளியிடம் சொல்லிவிடாதே. பையைக் கழுவித்தான் வைத்திருந்தேன், ஆனாலும் கொஞ்சம் கோப்பி வாசம் ஏறியிருக்கும். ஏறட்டும். அவருக்கு நான் இத்தனை வருஷம் வைத்தது அதுதானே.

சமைத்து முடித்து, படத்துக்கு முன்னால் கோலம் போட்டு, இலையை எடுத்தேன். எடுத்தவள் அப்படியே நின்றேன். பிறகு, "நீ போடு" என்று நீட்டினேன்.

வாங்கினாள். வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். "நுனி எந்தப் பக்கம் பெரியம்மா?"

"ஏன், ஒங்க வீட்டுல படைக்கிறதில்லையா?"

"அம்மா படைக்க விட மாட்டாங்க. அப்பாவுக்கு எலை போடுற உரிமை ஜெலுத்தோங் வீட்டுக்குத்தான், நாம போட்டா அவங்களுக்குப் போய்ச் சேர்றது கொறஞ்சிடும்பாங்க. அப்பா செத்த நாளுக்கு வெளக்க மட்டும் ஏத்திட்டுப் பட்டினி கெடப்பாங்க."

தம்பி, இதை அவள் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இத்தனை வருஷம் அந்த வீட்டில் பெரிய இலை விழுகிறது, ஸ்டவுட் வைக்கிறார்கள், அவர் அங்கேதான் போய்ச் சாப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன். அங்கே அவள் பட்டினி கிடந்திருக்கிறாள்.

"ஒங்கம்மா பேரு என்ன?" என்று கேட்டேன்.

"தனபாக்கியம்."

கேட்டுவிட்டேன். எழுதியும் விட்டேன். அவளுக்கு இலை போடவில்லை. அவ்வளவு பெரிய மனசு எனக்குக் கிடையாது, இனி வரப்போவதும் இல்லை. ஆனால் பேர் தெரியும்.

நுனி எந்தப் பக்கம் என்று காட்டிக் கொடுத்தேன். உன் தங்கச்சி இலை போட்டாள். நான் சோறு வைத்தேன், கறி வைத்தேன், டம்ளரில் உன் ஒயினை ஊற்றி வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தோம். முன்பெல்லாம் நான் ஒருத்தியே நிற்பேன். அன்று மாடிப்படியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவள் சட்டையைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகப் பிள்ளை ஒன்று பயந்துபோய், "ஆன்ட்டி, ஓகேவா?" என்று கேட்டான். குடி வந்து இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் பேசினான். அவனுக்கும் சோறு போட்டு அனுப்பினேன்.

கதவைத் தட்டி உள்ளே போனோம். டம்ளரில் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றாள் குமுதா. "வடிக்கும்போது சிந்தியிருக்கும்" என்றேன். ஆனால் நானும் பார்த்தேன்.

விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரி முதலில் பாக்குத் துவர்ப்பு. பிறகு பழம், நாவல் மாதிரி. பிறகு பென்சில் சீவின வாசம், நீ பள்ளிக்கூடப் பையில் சீவிச் சீவிக் கொட்டி வைப்பாயே, அது. எல்லாம் போன பிறகு ஒரு புளிப்பு நின்றது. ரொம்ப நேரம் நின்றது. அது நானாகத்தான் இருக்கும். நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது கடைசி விஷயம். குமுதா ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன் என்கிறாள். வரச் சொல்லவில்லை, வருகிறாள். அவள் போனில் முகம் தெரியும். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அவளிடம் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் போடு. நான் உன்னோடு பேச மாட்டேன். மாரியம்மன் மேல் வைத்த சத்தியம், மாற்ற முடியாது. காமினியைக் கூப்பிடு. அவள் மேல் எனக்கு எந்தச் சத்தியமும் இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் அவளிடம் சொல்கிறேன். நிறைய இருக்கிறது, ஒரே நாளில் முடியாது.

அவளுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. அதனால் நீ பக்கத்திலேயே நின்று, நான் சொல்லுகிற ஒவ்வொன்றையும் கேட்டு, அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

அம்மா